பாறை இல்லாத அருவி

மகளுக்கு மாசிக் கடைசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஜபல்பூரில் வேலை. அவள் போவதற்குள் நாங்கள் நால்வரும் ஜவ்வாது மலையில் எங்களுக்குப் பிடித்த இடங்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அருவிக்கரையில் சேர்ந்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று என் மனைவி ஆசைப்பட்டாள். போய் வருவது சுலபம். போட்டோவுக்குத்தான் வழியில்லை. எங்களிடம் கேமரா கிடையாது. செங்கத்து ஸ்டூடியோக்காரரோ மலைக்கெல்லாம் வருவதில்லை என்று சொல்லிவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தை மாதத்து ஞாயிறு ஒன்றில் கிளம்பினோம். எங்கள் மலைப் பயணத்துக்கு ஒரு வரிசை உண்டு. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த நாளிலிருந்து நான் அதை மாற்றியதில்லை. ஜமுனாமரத்தூரில் இறங்கி டீ, பிறகு ஏரிக்கரை, அறுத்த சாமை வயல்களின் ஓரமாகவே நடை, கடைசியில் அருவி. அருவிக்கு எதிரே தட்டையான பாறை ஒன்று கிடக்கும். அதில் உட்கார்ந்துதான் புளிச்சோற்றைப் பிரிப்போம்.

அன்று பாறைக்குச் சற்றுத் தள்ளி ஒருவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மடியில் பலகை வைத்துப் படம் வரைந்துகொண்டிருந்தார். காகிதம் முழுக்கப் பென்சிலால் கட்டம் போட்டிருந்தது. விசாரித்ததில், செங்கத்து ஸ்டூடியோவில் பின்னால் தொங்கவிடும் திரைக்காக வரைகிறார் என்று தெரிந்தது. ஊருக்குப் போய்க் கட்டம் கட்டமாகத் துணியில் பெரிதாக்குவாராம். அந்தத் திரைகளின் முன்னால் எத்தனையோ முறை விறைப்பாக நின்றிருக்கிறேன். அவையெல்லாம் யாரோ மனத்தில் தோன்றியதை வரைந்தவை என்றே நினைத்திருந்தேன்.

அருவிக்குப் பின்னாலிருந்த மலைச்சரிவின் நிழலை அவர் ஊதாவாகத் தீட்டியிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். ஊதாவாகத்தான் இருந்தது. இத்தனை வருடமாக அதைக் கறுப்பு என்று எண்ணியே சோறு தின்றிருக்கிறேன். பிறகு படத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்னைப் போலவே நிமிர்வதும் குனிவதுமாக இருந்தாள்.

என் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள்.

“இன்னாங்க இது, எங்க பாறையக் காணோம்?”

“அங்கதாம்மா ஆளுங்க நிக்கணும். பாறையப் போட்டா உங்க தோள்மேல ஏறிக் குந்திக்கும்” என்றார் ஓவியர். “நடுவுல எப்பவும் சும்மா வுட்டுடுவேன்.”

“அக்கா ஒருத்தி நின்னாலே நடுவு ரொம்பிடும்” என்றான் மகன்.

“வாய மூட்றா. நீ நின்னா அருவியே நின்னுடும்” என்றாள் மகள்.

மனைவி சிரிக்கவில்லை. “அந்தப் பாறையிலதாங்க இவங்க ரெண்டு பேரும் வளந்தாங்க. அது இல்லாம இன்னா அருவி?”

ஓவியர் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். “வேணும்னா ஓரமா போட்றட்டுமா? ஓனரு திட்டுனா நான் சமாளிச்சுக்கறேன்.”

அவள் படத்தின் நடுவே இருந்த வெளிறிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓரத்துல வேணாங்க. அது இருந்த எடத்துல நாங்களே வந்து இருந்துக்கறோம். திரை எப்ப மாட்டுவீங்க?”

“மாசி பொறந்ததும் வந்துடுங்க.”

அப்படியே போனோம். புதுத் திரையில் பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. ஸ்டூடியோக்காரர் நாற்காலிகளை எடுத்துப் போட்டார். என் மனைவி அவற்றை ஒதுக்கிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“இன்னாம்மா இது, பந்தியில குந்தற மாதிரி? போட்டோவுக்கு யாராவது கீழ குந்துவாங்களா?”

“நாங்க அங்க இப்படித்தாங்க குந்துவோம். நீங்க எடுங்க.”

மகள் அவள் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள். மகன் காலை நீட்டிக்கொண்டான். சட்டை கசங்குமே என்று ஒரு கணம் தயங்கிவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

கறுப்பு வெள்ளைப் படம். ஊதா அதில் வரவில்லை. எங்கள் தலைகளுக்கு மேலே அருவி விழுகிறது. கீழே சிமெண்டுத் தரையின் விரிசல்கூடத் தெரிகிறது. மகள் ரயிலேறும் முன் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மடங்காமலிருக்க அதே அளவில் அட்டை வெட்டிக் கொடுத்தேன். அதைப் புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியை மூடியவள், மறுபடி திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.