கதவு இருந்த இடம்

குண்டூசிகளைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, சாக்குபோல் தடித்த துணியின் ஓரத்தை மடித்து மடித்து ஊசிக்கு அடியில் தள்ளுகிறாள் தையல்காரி. ரவிக்கை தைத்துப் பழகிய இயந்திரம்; தடித்த இடம் வந்ததும் முனகி நின்றுவிடுகிறது. வலது கை சக்கரத்தைப் பிடித்துச் சுற்றிவிடுகிறது. அவளுக்குக் கோபம் வந்தால் மிதி வேகமாகும். சத்தத்தைக் கேட்டுத்தான் இன்று அளவு கொடுக்கப் போகலாமா என்று தெருவில் முடிவு செய்வார்கள். இந்த வாரம் யாரும் போகவில்லை.

வாய்த்துடுக்கு கூடவே பிறந்தது. ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது என்று வந்தவளிடம், "துணி சுருங்கலை, நீதான் விரிஞ்சிருக்க" என்பாள். கூலியைப் பிறகு தருகிறேன் என்றாலோ தலையாட்டிவிடுவாள். அந்த நல்ல பெயருக்காகவே கடன் நிறுவனம் அவளைத் தெருப் பெண்களின் கடன் குழுவுக்குத் தலைவி ஆக்கியது. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் பொறுப்பு. தலைவிக்குச் சம்பளம் கிடையாது. ஏச்சு மட்டும் உண்டு.

வசூல்காரன் குரலை உயர்த்துவதே இல்லை. வாரந்தோறும் அவள் வீட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எல்லோரையும் அக்கா என்பான். குழுவில் ஒருத்தியான துணி தேய்க்கிறவளின் கணவனுக்குக் கால் முறிந்து தவணை நின்றபோதும் அக்காதான். மொத்தப் பணமும் சேராமல் ஒருத்தியும் எழக் கூடாது என்பது விதி. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவளையும் பால்குடிப் பிள்ளையை விட்டுவந்தவளையும் பொழுது சாயும்வரை உட்காரவைத்தான். "நான் யாரையும் எதுவும் பண்ணச் சொல்லலையேக்கா. உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கங்க."

பேசி முடித்தார்கள். அதற்கு மட்டும் எழலாம் என்று விட்டான். போய்த் தேய்க்கிறவள் வீட்டு இரும்புக் கதவைக் கழற்றினார்கள். கீலுக்குத் திருப்புளி வேண்டியிருந்தது. தையல் இயந்திரத்துத் திருப்புளியை எடுத்துவந்து தலைவியே திருகினாள். தேய்க்கிறவள் தடுக்கவில்லை. "பாத்துக்கா, கையைக் கிழிச்சுக்காத," என்று மட்டும் சொன்னாள். பழைய இரும்புக் கடைக்காரன் கொடுத்தது அந்த வாரத் தவணைக்கு ஆயிற்று.

அன்றிலிருந்து தேய்க்கிறவள் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். உள்ளே வளர்ந்த பெண்கள் இருவர். வருகிறவன் போகிறவன் எல்லாம் எட்டிப் பார்க்கிறான். காசு தின்கிற நிறுவனத்தின்மேல் தையல்காரிக்கு ஆத்திரம். சொல்லாமல் சொல்லிச் செய்யவைத்தவன்மேல் அதைவிட ஆத்திரம். எல்லாவற்றுக்கும் மேல் தன் கையின்மேல். சோறு பிசையும்போதுகூட அந்தக் கை திருகியதுதான் ஞாபகம் வருகிறது.

இன்று மறுபடி கூட்டம். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். தேய்க்கிறவள் வரவில்லை. வசூல்காரன் பணப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த வாரமும் குறைகிறதே, என்ன செய்யலாம் என்று அக்காக்களே சொல்லுங்கள் என்றான்.

தையல்காரி கடைசி வளையத்தைத் தைத்து, நூலைக் கத்தரித்தாள். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள்.

"வாசலுக்குத் திரை, தம்பி. அந்தப் புள்ளைங்க துணி மாத்தணும்ல. நீயே போய் மாட்டிட்டு வா. அதுக்கப்புறம் எங்ககிட்ட காசு கேளு."

பெண்கள் யாரும் முந்தானை முடிச்சை அவிழ்க்கவில்லை. அவள் அந்தக் கனத்த துணியை நான்காக மடித்து, அவன் மடியில் வைத்தாள்.