மூக்குக்குப் பத்து ஜோடிக் கால்

அன்று ஸ்ரீரங்கத்து டாக்டர் அறையில் இருந்தது நான்கே பேர்: டாக்டர், நான், என் மனைவி, எங்களைக் காரில் கூட்டிவந்த மாடிவீட்டு சார். சார் சின்ன வயதில் பாதிரியாராவதற்குப் படித்து, கிரேக்கம் வரைக்கும் போய், பாதியில் திரும்பிவந்து கல்யாணம் செய்துகொண்டவர். அவரை வெளியிலேயே உட்காரச் சொல்லியிருக்கலாம்.

டாக்டர் என் மூக்குக்குள் கேமராவை விட்டு, உரித்த திராட்சை மாதிரி ஒன்றைத் திரையில் காட்டினார்.

"பாலிப். வெறும் சதைதான், பயப்பட ஒண்ணுமில்லை. வியாழக்கிழமை எடுத்துடலாம். கையெழுத்துப் போடுங்க."

பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அர்த்தம் தெரியாத சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போடுவதில்லை.

"பாலிப்னா என்னங்க?"

மாடிவீட்டு சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கிரேக்கச் சொல்லுங்க. பாலின்னா பல. பல தொழில் சொல்லித் தர்றதாலதான் பாலிடெக்னிக். பூஸ்னா கால். சேர்த்தா, பல கால் உள்ளது! அந்தக் காலத்துல கிரேக்கத்துல ஆக்டோபஸுக்கும் அதே பேருதான்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"கால் கீல் ஒண்ணும் கிடையாது" என்றார் டாக்டர், சாரை முறைத்துக்கொண்டே. பேர் வைத்தவன் பார்க்காமலா வைத்திருப்பான்?

"சமயபுரத்துல உருவம் வாங்கிப் போட்டுட்டு வந்துடலாம்ங்க, பயம் தெளிஞ்சிடும்" என்றாள் மனைவி. நோவு எந்த உறுப்பிலோ அதைத் தகட்டில் அடித்து விற்பார்கள். வாங்கி உண்டியலில் போடவேண்டும். மூக்கு ஒன்று, சரி. கால்?

சமயபுரம் போகும் வழியில், கொள்ளிடம் பாலத்தில் கேட்டேன். "சார், பலன்னா எத்தனை?"

"கணக்கே கிடையாதுங்க. மோனோன்னா ஒண்ணு, ட்ரைன்னா மூணு. பாலின்னா எத்தனை வேணா இருக்கலாம்."

"எட்டு வாங்குங்க, ஆக்டோபஸுக்கு எட்டுதானே" என்றாள் மனைவி.

"ஒன்பதாவது இருந்துட்டா?"

"அது நொண்டிக்கிட்டே போகட்டும்."

சார் காரை நிறுத்த இடம் தேடிப் போனார். கடையில் காலை ஒரு தகட்டுக்கு ஒரு ஜோடியாகத்தான் அடித்து வைத்திருந்தார்கள். பத்து ஜோடி கேட்டேன். கடைக்கார அம்மா என்னைத் தலையிலிருந்து பாதம் வரை பார்த்தார்.

"நல்லாத்தானே நிக்கறீங்க? யாருக்குங்க இத்தனை காலு?"

"மூக்குக்கு."

அவர் பார்வை என் மனைவி பக்கம் போனது. "கூட நீங்க இருக்கீங்கல்லம்மா, நல்லதாப் போச்சு."

தகடு நாற்பது ரூபாய். மூக்கோடு பதினொன்று, நானூற்று நாற்பது. என்னிடம் முந்நூறுதான் இருந்தது. ஸ்கேன் செய்யும் அட்டை அந்தக் கடையில் இல்லை. எட்டுக்கு மேல் ஒற்றைக் காலுக்குக்கூடத் தரமாட்டேன் என்றாள் மனைவி.

"குணமானதும் வந்து குடுங்க" என்றார் கடைக்கார அம்மா.

எல்லாவற்றையும் உண்டியலில் போட்டுவிட்டு, அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமை எடுத்ததை டாக்டர் சின்ன பாட்டிலில் காட்டினார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கால் இல்லை. மூச்சு இப்போது தாராளமாக வருகிறது.

ஆனால் ஒரு மாதத்துக்குக் கூட்டத்துக்கும் தூசிக்கும் போகக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு; சமயபுரம் கடைக்கு எப்படிப் போவது? தும்மல் வரும்போதெல்லாம் காசு கொடுக்காமல் போட்ட அந்த மூன்றரை ஜோடி ஞாபகம் வருகிறது. ஏழு கால். பாக்கி நூற்று நாற்பது ரூபாய்.