அமுக்கு மெசினுக்கு வைத்த பொட்டு

மெசின் வருவதற்கு முன்னால் எங்கள் கால்கள்தான் மெசின். செமிலிங் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். எண்ணெய் டின், கூரைத் தகரம், சைக்கிள் சட்டம் எல்லாவற்றின் மேலும் ஏறிக் குதித்து நசுக்கித்தான் லோரியில் ஏற்றுவோம். சில நாள் பூட்ஸைத் துளைத்துக்கொண்டு தகரம் உள்ளே ஏறும். கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் மறுபடி குதிப்போம். செர்டாங்கில் அண்ணாந்து நின்று செம்பனைக் குலை வெட்டியபோது கழுத்து போனது. ஜித்ராவில் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவியபோது விரலிடுக்கெல்லாம் புண். இங்கே பாதம். அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேலை உடம்பின் ஏதாவது ஓர் இடத்தைக் கேட்கத்தான் செய்யும்.

கடையை நடத்தியவர் ஓர் அக்கா. தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பம். புருஷன் இறந்ததும் கடை மூடிவிடும் என்று ஊர் பேசியது. காரியமெல்லாம் முடிந்த கையோடு அவர் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்படிப் பிடித்துவைத்த கடைக்குத்தான் ஆபத்து வந்தது. நாங்கள் சரக்கு அனுப்பிய உருக்காலையில், இனி உதிரி இரும்பு வேண்டாம், கட்டிகளாக அமுக்கிக் கொண்டுவந்தால்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். டவுனில் பெரிய கடை வைத்திருந்த முதலாளி மறுநாளே தன் நான்கு சக்கர வண்டியில் வந்து இறங்கினார். அவரிடம் அமுக்கு மெசின் இருந்தது.

"ஒனக்கு எதுக்குத் தங்கச்சி இந்தத் தொல்ல? போர்டக் கழட்டிட்டுச் சரக்க எங்கிட்டத் தள்ளு. நான் அமுக்கிக்கிறேன்."

"அமுக்கத்தான பாக்குறீங்க, தெரியுதுண்ணே," என்றார் அக்கா. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அக்கா தன் காரை விற்று மெசினுக்குச் சொல்லிவைத்தார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷனுடைய பழைய மோட்டார் சைக்கிளில், சேலையைச் செருகிக்கொண்டு கோயிலுக்குப் போவார். சிரித்தவர்களுக்கு ஹார்ன் அடிப்பார்.

மெசின் வந்தது. மேலே வாய் திறந்த பெரிய இரும்புத் தொட்டி. உள்ளே போட்டதைப் பக்கச் சுவர்கள் நகர்ந்து வந்து நெருக்கும். மலாய்க்கார மெக்கானிக் ஒருவர் அதைப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, எங்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பட்டர்வர்த்துக்குத் திரும்பிப் போனார்.

மறுநாள் மத்தியானம் ஆலையிலிருந்து சரக்குப் பார்க்கும் அதிகாரி லோரியோடு வருவதாக ஏற்பாடு. கட்டி அவருக்குப் பிடித்தால் அக்கா தன் பெயரிலேயே தொடர்ந்து விற்கலாம். பிடிக்காவிட்டால் போர்டைக் கழற்ற வேண்டியதுதான்.

புது மெசினைப் பூசை போடாமல் யார் தொடுவார்கள்? போர்க்லிப்ட் ஓட்டும் அண்ணன் காலையிலேயே குளித்து, கற்பூரம், தேங்காய், எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டார். அக்கா ஒரு பக்கம் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அண்ணன் மறுபக்கம் தேங்காய் உடைத்தார். மெசினின் முன்னால் இரண்டு தூண்கள், தூணுக்கு ஒரு பளபளப்பான கண்ணாடி வட்டம். இரண்டிலும் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

தொட்டியை நிரப்பிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மெசின் அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். அதே சிவப்பு. எண்ணெய் பார்த்தோம், ஒயர் பார்த்தோம். வெயில் ஏறியது. வேடிக்கை பார்க்க டவுன் முதலாளியும் வந்துவிட்டார், கையில் உறிஞ்சுகுழல் போட்ட தேநீர்ப் பையோடு.

"என்ன தங்கச்சி, மெசினு விரதமா?"

அக்கா மெக்கானிக்கைக் கூப்பிட்டார். படத்தோடு பேசும் அழைப்பு. நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு மெசினைச் சுற்றி நடந்தேன். தூண் பக்கம் வந்ததும் மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். இதன் கண்ணுக்கு யார் பவுடர் பூசியது என்று மலாயில் கேட்டார். அந்த இரண்டு கண்ணாடிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். நடுவில் ஆள் நின்று பார்வை மறைந்தால், கை கால் போய்விடக் கூடாது என்று மெசின் நின்றுவிடும். துடைத்தால் போதும் என்றார்.

துணியோடு போன என் கையை அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"வச்ச அன்னிக்கே பொட்ட அழிப்பியா? விடியாதுடா நமக்கு. நான் செய்ய மாட்டேன், ஒன்னயும் செய்ய விட மாட்டேன்."

முதலாளி தேநீரை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதிகாரி கிளம்பிவிட்டதாகச் செய்தியும் வந்தது.

அக்கா அண்ணனிடம் போனார். "அண்ணே, அழிக்கவே வேணாம். ஆனா கண்ணுல யாராச்சும் பொட்டு வைப்பாங்களா? நெத்தியில வைங்க லா."

அண்ணன் மெசினை ஏற இறங்கப் பார்த்தார். ஏணியைச் சாத்தி ஏறினார். மேல் விளிம்பில், நட்ட நடுவில், இரும்பைத் துடைத்துப் புதுச் சந்தனம் இட்டுக் குங்குமம் வைத்தார். கும்பிட்டார். பிறகு இறங்கி வந்து தன் கையாலேயே இரண்டு கண்களையும் சுத்தமாகத் துடைத்தார்.

"இப்ப அமுக்குடா."

பச்சை விளக்கு. உறுமல். பக்கச் சுவர்கள் நகர்ந்தன. குளிர்பெட்டி ஒன்று முனகி மடங்கியது. நான் பாதம் கிழியக் குதித்தும் மடங்காத சைக்கிள் சட்டங்கள் முறுக்குப் பிழிந்ததுபோல் சுருண்டன. கதவு திறந்து முதல் கட்டி வெளியே வந்து விழுந்தபோது தரை அதிர்ந்தது. அண்ணன் சீட்டியடித்தார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

அதிகாரி வந்தபோது கட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றை உயரத் தூக்கிப் போடச் சொன்னார். அண்ணன் போர்க்லிப்டில் தூக்கிப் போட்டார். ஒரு டின்கூட உதிரவில்லை. அதிகாரி கட்டியைச் செருப்புக் காலால் தட்டிவிட்டு, "போலே, கா," என்றார் மலாயில். சரிதான் அக்கா என்று அவர் வாயிலேயே சொல்லிவிட்டார். அடுத்த லோரி எப்போது அனுப்பட்டும் என்றும் கேட்டார்.

"நாளைக்கே அனுப்புங்க," என்றார் அக்கா.

முதலாளி வண்டியேறிக் கிளம்பினார். செம்பனைக்கு நடுவே எங்கள் கடைக்கு வரும் தோட்டப் பாதையில் ஒரு வண்டிதான் போக முடியும். பாதித் தூரத்தில், வெளியே வாங்கி ஏற்றிய பழைய இரும்போடு எங்கள் சின்ன லோரி எதிரே வந்தது. பாரம் ஏற்றிய வண்டிக்குத்தான் வழி என்பது இங்கே வழக்கம். முதலாளி வண்டியைப் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு எங்கள் வாசல்வரை திரும்பி வந்தார். அக்கா கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "மெதுவா வாங்கண்ணே, எடம் நெறைய இருக்கு," என்றார்.