பாவில் வைத்த கத்தி

செல்வி, முருகா, அப்பா டி.வி.யில் ரவுடியாக நடித்ததைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்கிறீர்களாம். முழுசாகத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

1. முதல் நாள்

எண்பதுகளில், தறியில் உட்கார்ந்திருந்த என்னை ஒரு நாடகக்காரர் சென்னை டி.வி. நிலையத்துக்கு அழைத்துப் போனார். மீசையும் தோளும் போதும் என்றார்கள். நான்கு தொடர்களில் அடியாள். அடி வாங்குவேன், விழுவேன். வசனம் கிடையாது.

2. அந்த ஷாட்

ஐந்தாவது தொடரில் நெசவாளி வீட்டில் புகுந்து மிரட்டும் வேஷம்.

"தறியில இருக்கற பாவு மேல கத்திய ஓங்குங்க, போதும். அதோட கட் பண்ணிடறேன்" என்றார் டைரக்டர்.

எனக்குப் பேர் வாங்கும் ஆசை. "சார், நெஜமாவே வெட்டறேன்."

தறியில் நீளவாக்கில் கட்டியிருந்தது செட்டுக்காக வாங்கி வந்த பழைய பாவு நூல்தான். நூலை நெருக்கும் அச்சுக்கும் இழைகளை ஏற்றியிறக்கும் விழுதுக்கும் நடுவில் வெட்டினால் இழைகள் உருவிக்கொண்டு ஓடிவிடும். ஒவ்வொன்றாகத் திரும்பக் கோக்க வேண்டும். அங்கேயே வெட்டினேன். வெட்டிவிட்டு மீசையைத் தடவினேன். எல்லோரும் கை தட்டினார்கள். வெட்டிய பாவு நூலை ஞாபகத்துக்காகச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

3. பேர்

அது ஒளிபரப்பானதும் சலூன்களில் "பாவுவெட்டி மீசை" என்றே கேட்டு வைத்துக்கொண்டார்கள். கண்ணமங்கலம் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டை மறந்துவிட்டு, "அண்ணே, ஒரு தபா மீசையத் தடவுங்கண்ணே!" என்று கெஞ்சினார்.

எங்கள் தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்து நீட்டினால் அக்கம்பக்கத்தார் கைகொடுப்பது வழக்கம். ஒரு காலையில் எதிர்வீட்டுக் கன்னியம்மா அக்காவின் பாவு முனையைப் பிடிக்கப் போனேன்.

"நீ வேணாம்பா."

"இன்னாக்கா, அது நடிப்புதான?"

"நடிப்புதான். எங்க வெட்டணும்னு அந்த டைரக்டருக்கா தெரியும்? உனக்குத்தான தெரியும்."

அவர் புருஷன் சிரித்தார். "ஸ்டாரு கொஞ்சம் ஓரமா நில்லுங்க. பாவு பயந்துகினு கீது."

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதன்பின் எத்தனையோ ஊர்கள் என்னைக் கூப்பிட்டன. மேடை ஏறினேன், மாலை போட்டுக்கொண்டேன். எங்கள் தெருவில் யாராவது "இந்தாப்பா, முனையப் புடி" என்று சொல்ல மாட்டார்களா என்றுதான் மனசு கிடந்து தவித்தது. நம் தொழிலுக்கு எங்கே வலிக்கும் என்பது நமக்குத்தான் தெரியும். அதைக் காட்டிப் பேர் வாங்கக் கூடாது. நான் கற்றது இவ்வளவுதான்.

கன்னியம்மா அக்கா வேண்டாமென்ற அன்றே வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். அந்தப் பழைய பாவை மடியில் பரப்பி, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடியத் தொடங்கினேன்.