செவலைப் பசுவோடு ஏழு மைல்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குக் கெட்ட பெயர் வரும் இடங்களையும் விடப்போவதில்லை. நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகைக்கு விடுமுறைப் பயணம் ஒன்றை எழுதச் சொன்னார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து எடமலைப்பட்டி புதூர் வரை ஒரு பசுவோடு நடந்து வந்ததை எழுதலாம் என்று வழியெல்லாம் உற்சாகமாகக் குறிப்பெடுத்தேன். இப்போது உற்சாகம் இல்லை. குறிப்பு மட்டும் இருக்கிறது.

சித்திரையில் ஒரு வாரம் ஸ்ரீரங்கத்தில் அத்தை வீட்டில் இருந்தேன். மாமாவுக்கு ஆற்றோரம் வாழைத்தோட்டம். வீட்டில் செவலை என்று ஒரு பசு. பக்கத்துத் தெருவில் இரண்டு மாடுகள் வெக்கை என்ற தொற்றுநோயில் செத்துப்போயின. மறுநாள் எல்லா மாட்டுக்கும் ஊசி போடுவார்கள் என்று தண்டோரா போட்டார்கள். அத்தை, அம்மன் கோபம் என்றார். மாமாவுக்குக் கோபமெல்லாம் ஊசி மேல்.

"ஊசி போட்டா மாடு காய்ச்சல்ல கிடக்கும், பால் வத்திடும். இவள நாளைக்கு உங்க வீட்டுல கட்டிடுவோம். யாரு கேட்டாலும் விலைக்கு வாங்கினதுன்னு சொல்லு பாப்பா."

காலை ஐந்தேகாலுக்குப் புறப்பட்டோம். ஐந்து ஐம்பதுக்குக் காவிரிப் பாலம். அங்கே செவலையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"வீட்ட விட்டுப் போறோம்ல, அதான் அழுவுது" என்றார் மாமா. நானும் அப்படியே நம்பினேன். என் பாவாடை நுனியால் துடைத்துவிட்டேன்.

ஆறரைக்கு மலைக்கோட்டைக் கடைத்தெரு. கடைகள் திறக்கவில்லை, நடக்கச் சுலபம். ஏழேகாலுக்கு மார்க்கெட் பக்கம் வண்டிப்பேட்டை. அங்கே மாடுகளுக்கு ஒரு கல்தொட்டி உண்டு. நான்கு ஜோடி வண்டிமாடுகள் காத்திருந்தன. ஒரு வண்டிக்காரர், "பொம்பளப் புள்ள நடந்து வருது, அது மாட்டை முதல்ல விடுங்கப்பா" என்றார். இன்னொருவர், "ஏன் பாப்பா, மாட்டுக்கு பஸ்ல டிக்கெட் தரலியா?" என்று சிரித்தார். செவலை மூக்கை நீரில் வைத்துக்கொண்டு நின்றதே தவிர, அதிகம் குடிக்கவில்லை. பிறகு அவர்கள் மாடுகள் குடித்தன. திருச்சியில் எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று அந்த இடத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

எட்டேகாலுக்கு ஜங்ஷன். இரண்டு காபி இருபது நயா பைசா, புல்லுக்கட்டு பன்னிரண்டு. புல்லை அது தொடவில்லை. ஒன்பதரைக்குப் புதூரில் எங்கள் வீடு. எங்களுக்குக் கொட்டகை கிடையாது. அடுத்த வீட்டு மாரிமுத்து அண்ணன் தம் கொட்டகையில் இடம் கொடுத்தார். அவர் பாரவண்டி ஓட்டுகிறவர். இரண்டு காளைகள், அவற்றின் உழைப்பில்தான் அந்த வீட்டில் ஐந்து பேர் சாப்பிடுகிறார்கள். மாமா மத்தியான பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

மூன்றாம் நாள் செவலைக்கு வாயெல்லாம் புண், ரத்தமாகக் கழிச்சல். பள்ளி நூலகத்துக் கால்நடை வளர்ப்புப் புத்தகம் என் பெட்டியிலேயே இருந்தது. வெக்கைக்கு முதல் அறிகுறி காய்ச்சல், தீனி எடுக்காமை, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல். விடுமுறைக்கு முன்பே அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறேன், அடியில் கோடுகூடப் போட்டிருக்கிறேன். பாலத்தில் ஏன் நினைவு வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

விலைக்கு வாங்கினது என்று சொல்லும்படி மாமா சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் திட்டவில்லை. என் குறிப்பு நோட்டை வாங்கி, இடங்களையும் நேரங்களையும் தம் தாளில் எழுதிக்கொண்டார்.

"தொட்டியில எத்தனை ஜோடி?"

"நாலு, சார்."

"எந்த ஊர் வண்டிங்க?"

அதை நான் கேட்கவே இல்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கம்பவுண்டரை வண்டிப்பேட்டைக்கு அனுப்பினார்.

அன்று சாயங்காலமே காளைகளுக்கு ஊசி போட்டார்கள். செவலை ஆறாம் நாள் செத்தது. ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். தகவல் சொல்லப்போன அப்பாவிடம் அத்தை அழுதாராம். மாமா வாழைத்தோட்டத்துக்குப் போய்விட்டாராம்.

இப்போது காளைகள் இரண்டுக்கும் காய்ச்சல். ஊசி போட்டாலும் சில நாள் காய்ச்சல் வரும், நோய் முன்பே தொற்றியிருந்தாலும் வரும். இது எது என்று இன்னும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். மாரிமுத்து அண்ணன் என்னிடம் வந்து, "நீ கொண்டாந்ததா, அவரு குத்தினதாம்மா? படிச்ச புள்ள, ஏதாவது ஒண்ணைச் சொல்லு" என்றார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று பாலம் தாண்டி, கடைத்தெரு வழியாக, என் கையில் இருந்த கயிற்றின் மறுமுனையில் நடந்து வந்திருக்கிறது. அது எங்கெங்கே இறங்கியது என்று எந்தப் புத்தகத்தில் பார்ப்பது?

மாட்டோடு பயணம் போக நினைப்பவர்களுக்கு: விடியலில் புறப்படுங்கள், வெயிலுக்குமுன் ஜங்ஷனைத் தாண்டிவிடலாம். தண்ணீருக்குச் சொந்தமாக ஒரு வாளி கொண்டுபோங்கள். ஊரில் நோய் என்றால் மாட்டை ஊரைவிட்டு நகர்த்தாதீர்கள். யார் சொன்னாலும் சரி. தங்கப்போகும் கொட்டகையில் வேறு மாடு இருந்தால் அதன் சொந்தக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுக் கட்டுங்கள். நான் சொல்லவில்லை.

இன்று பொழுது சாய்வதற்குள் மூன்று முறை கொட்டகைப் பக்கம் போனேன். வேலிக்கு வெளியேதான் நின்றேன். டாக்டர் உள்ளே போகக்கூடாது என்றிருக்கிறார். இடத்துக்காளை வைக்கோலில் வாய் வைத்தது. வலத்துக்காளை வைக்கவில்லை. வைத்தால் எழுதுவதற்கு இங்கே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அப்பா விளக்கை அணைக்க வருகிறார்.