நரகத்துக்கு மட்டும் எக்கோ

மைக்செட்டு தொழில்ல ஒரு சங்கடம் இருக்குது: பிரசங்கம் புடிக்கலன்னா கூட்டத்துல எவன் வேணா எழுந்து போயிடலாம், ஆம்ப்ளிஃபயர் முன்னாடி உக்காந்திருக்கிறவன் மட்டும் போக முடியாது. மரக்காணத்துல இருந்து வானூர் வரைக்கும் எல்லா சபைக்கும் நான்தான் செட்டு கட்றேன். ஆளுக்கு ஒரு நரகம் வெச்சிருக்காங்க. ஒரு சபைக்காரங்க இன்னொரு சபை நரகத்தைக் கேக்க மாட்டாங்க. அத்தனையும் ஒரே ஆளு கேட்டா எவ்ளோ பயம் வரும்னு நம்ம செட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும். இந்த வருஷம் அந்த பயம் என் வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்கிச்சு.

எக்கோ

உப்பளத்துக்குப் பக்கத்து மைதானத்துல எழுப்புதல் கூட்டம். பாஸ்டர் வெளியூர்க்காரர். நல்ல மனுஷன், "சாப்பிட்டியா?"ன்னு கேக்காம மைக்கைத் தொட மாட்டாரு. ஆனா மேடை ஏறிட்டா நெருப்புதான். முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காதவன், குழந்தையில தலையில தண்ணி ஊத்திக்கினவன், அத்தனை பேரும் அக்கினிக் கடலுக்குத்தான்னு ஒரே போடா போட்டாரு. நானும் என் வீட்டுக்காரி பிலோமினாவும் மாதா கோயில்ல அப்படி ஊத்திக்கினவங்கதான். இருந்தாலும் பொழப்பு பொழப்புதானே, பட்டனைத் திருப்பிக்கினே இருந்தேன்.

பிலோமினா முன் வரிசையில உக்காந்திருந்தா. அவளுக்குக் கர்ப்பப்பையில கட்டி. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு பாண்டியில சொல்லியிருந்தாங்க. ஏற்கனவே பயந்து கிடந்தவ. கூட்டம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, புடவை கூட மாத்தாம, "நான் முழுக்கு எடுக்கணும்"னு சொல்லிட்டா. மறுநாள் சாயங்காலம் நான் மைக் செக் பண்ணும்போது பாஸ்டர் வந்து என் தோள்ல கை வெச்சு சொன்னாரு: "தம்பி, பரலோகத்துக்கு எக்கோ வேணாம்ப்பா. நரகத்துக்கு மட்டும் கொஞ்சம் தூக்கிக் குடு."

உப்பு விடல

முழுக்கு வழக்கமா கடல்லதான் குடுப்பாங்க. அந்த வாரம் கடல் கொந்தளிப்பு, மீனுக்கே யாரும் போகல. ஆபரேஷனோ நெருங்குது. அதனால உப்பளத்து ஓனர் ஒருத்தர், பாத்திக்குப் பக்கத்துல தண்ணி தேக்குற பள்ளத்துல குடுத்துக்கச் சொன்னாரு. இடுப்பளவு தண்ணி. வெயில்ல சுண்டிச் சுண்டி உப்பு ஏறிப்போன தண்ணி. அதுல ஆள் முங்காது, மிதக்கும். உப்பு வார்ற ஒவ்வொருத்தருக்கும் இது தெரியும். பாஸ்டருக்குத் தெரியாது. வெள்ளைச் சட்டையோட, பைபிளோட இறங்குறவர்கிட்ட யாருங்க போய்ச் சொல்றது?

இவ தலையை அழுத்தினாரு, கால் ரெண்டும் மேல வந்துடுச்சு. சபை ஆள் ஒருத்தர் ஓடிப்போய் காலை அழுத்தினாரு, முகம் மேல வந்துடுச்சு. பிலோமினா கண்ணு, மூக்கு, வாயெல்லாம் உப்பு. "எரியுதே ஆண்டவரே"ன்னு அவ போட்ட சத்தம் நான் கரையில வெச்சிருந்த மைக்குல ஏறி அந்தப் பக்கமே அதிர்ந்துச்சு. சுத்தி நின்னவங்க அல்லேலூயா சொன்னாங்க. வேற ஒருத்தியா இருந்தா சிரிச்சிருப்பேன், உங்ககிட்ட பொய் சொல்வானேன்.

ஞானஸ்நானம்னா பழைய ஆளைத் தண்ணிக்குள்ள அடக்கம் பண்றதுன்னு பாஸ்டரே பல தடவை பேசியிருக்காரு. அதைத்தான் சபையில ஒரு அம்மா புடிச்சிக்கினாங்க. துண்டால தலை துவட்டிக்கினு இருந்தவகிட்ட வந்து மெதுவா கேட்டாங்க: "ஏம்மா பிலோமினா, அடக்கம் பண்ற உடம்புக்குக் கால் வெளிய தெரிஞ்சா அது அடக்கமா?"

ரெண்டாவது தடவை

அன்னையில இருந்து இவளுக்குச் சோறு இறங்கல. உக்காந்தா தன் காலையே பாத்துக்கினு இருப்பா. "ஆபரேஷன் டேபிள்லயே உயிர் போச்சின்னா நான் எந்தப் பக்கங்க?"ன்னு கேப்பா. எனக்குத் தெரிஞ்சது வால்யூமும் வயரும்தான்.

பாஸ்டர்கிட்ட கூட்டிக்கினு போனேன். "கடல் அடங்கினதும் இன்னொரு தடவை குடுத்துடுங்கய்யா, அவ மனசு நிம்மதியாகட்டும்"னு கெஞ்சினேன். மேடையில அவ்ளோ சத்தம் போடுற மனுஷன், முகம் வெளுத்துப்போய் உக்காந்திருந்தாரு. அப்புறம் அவகிட்ட சொன்னாரு: "ஞானஸ்நானம் ஒண்ணுதான்னு வேதத்துல இருக்குதும்மா. ரெண்டாவது குடுத்தா முதல்ல குடுத்தது பொய்னு ஆயிடும். நாளைக்கு ஆண்டவர் என்னைக் கேப்பாரும்மா."

கல்லறைத் திருநாள்

கல்லறையில பூசைக்கு மைக் கட்டப் போனேன். எங்கப்பா அம்மா ரெண்டு பேரும் அங்கதான் இருக்காங்க. அவங்க சிலுவைக்குப் பக்கத்துலதான் வருஷா வருஷம் ஸ்பீக்கர் ஸ்டாண்டு நிறுத்துவேன். வயர் இழுத்துக்கினே ஃபாதர்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவரு திட்டல. "யாரையும் நரகத்துக்கு அனுப்ப நாம யாருப்பா? உத்தரிக்கிற ஸ்தலம்னு ஒண்ணு இருக்குதே, அங்க சுத்தமாகி மேல போவாங்க"ன்னாரு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. வீட்டுல போய் சொன்னா இவ, "அங்கயும் நெருப்புதானே?"ன்னு கேட்டு வாயை அடைச்சிட்டா.

பூசை முடிஞ்சு வயர் சுருட்டும்போது ஃபாதரை மறுபடியும் புடிச்சேன். சாகக் கிடக்குற ஆளுக்கு அவசரத்துக்கு யார் ஞானஸ்நானம் குடுக்கலாம்னு கேட்டேன். எதுக்குக் கேக்குறேன்னு அவருக்குப் புரிஞ்சிடுச்சு. சிரிக்காம சொன்னாரு: "அவசரம்னா யார் வேணா குடுக்கலாம், இந்து கூட குடுக்கலாம். ஆனா உன் பொண்டாட்டிக்கு நம்ம மாதா கோயில்லயே குடுத்தாச்சு அந்தோணி, அதை யாராலயும் அழிக்க முடியாது."

தூக்கம்

இடையஞ்சாவடி பக்கம் சனிக்கிழமை கும்பிடுற ஒரு சின்ன சபை இருக்குது. ஒரு பாக்ஸ், ஒரு மைக், அவ்ளோதான். அங்க பேசுறவரு ரிட்டயர்டு வாத்தியாரு. எரிஞ்சிக்கினே இருக்குற நரகமெல்லாம் கிடையாது, செத்தவங்க கடைசி நாள் வரைக்கும் தூங்குவாங்கன்னு சொல்றவரு. இதையாவது கேட்டு இவ பயம் தெளியட்டும்னு கையோட கூட்டிக்கினு போனேன்.

அவரும் பொறுமையா உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, வசனம் வசனமா எடுத்துச் சொன்னாரு. பிலோமினா தலையாட்டிக்கினே வந்தா. எனக்குக் கூட நம்பிக்கை வந்துடுச்சு. கடைசியா அவளுக்கு நல்லா புரியட்டும்னு ஒரு உதாரணம் சொன்னாரு பாருங்க, அவ குடிச்சிக்கினு இருந்த டீயை அப்படியே கீழ வெச்சிட்டா. "ஒண்ணும் இல்லம்மா, ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுப்பாங்க இல்ல, சாவுன்றது அதே மாதிரிதான்."

பம்ப்செட்டு

இதுக்கு மேல தாங்காது, யார் வேணா குடுக்கலாம்னா நானே குடுத்துடுறேன்னு பிலோமினாவை ஏத்திக்கினு கிளியனூருக்கு பைக்கை விட்டேன். அங்க கோவிந்தன்னு ஒரு விவசாயி. அவங்க அம்மன் கோயில் திருவிழாவுக்கு நான்தான் செட்டு கட்றேன். அவர் பம்ப்செட்டுத் தொட்டியில நல்ல தண்ணி, ஆழமும் இருக்குது. விஷயத்தைச் சொன்னதும் மோட்டாரைப் போட்டுட்டு, "சோப்பு மட்டும் போடாதப்பா, கரும்புக்குப் போற தண்ணி"ன்னாரு. வரப்புல மம்பட்டியோட நின்னாரு.

பிலோமினா தொட்டிக்குள்ள இறங்கினா. நான் வெளிய நின்னு சுவர் மேல சாஞ்சு அவ தலையில கை வெச்சேன். எந்த சபை வார்த்தையைச் சொன்னா செல்லும்னு தெரியல. பாஸ்டர் மாதிரி பிதா குமாரன்னு ஒரு தடவை, ஃபாதர் மாதிரி தந்தை மகன்னு ஒரு தடவை, ரெண்டையும் சொல்லி அழுத்தினேன். கீழ போனா. தலைமுடி மட்டும் மேல மிதந்துச்சு, அதையும் இன்னொரு கையால உள்ள தள்ளினேன். அவ வெளிய வந்து இருமிக்கினே, "முழுசா போனனா?"ன்னு கேட்டா. கோவிந்தன், "ஒரு முடி கூட தெரியலம்மா, நான் பாத்தேன்"னாரு. பல நாளைக்கு அப்புறம் அவ சிரிச்சா.

சிரிச்சவ என்னைப் பாத்ததும் முகம் மாறிடுச்சு. "நீங்க இறங்கல?"ன்னா. எனக்கு எதுக்கு, எனக்குத்தான் குழந்தையிலயே ஆயிடுச்சேன்னு மழுப்பினேன். நெஞ்சுக்குள்ள வேற ஓடுச்சு. நான் இறங்கினா, தலையில ஊத்தினது செல்லாதுன்னு நானே ஒத்துக்கினதா ஆயிடும். அப்ப கல்லறையில படுத்திருக்கிற எங்கப்பா அம்மா எங்க இருக்காங்க? பிலோமினா ஈரக் கையை நீட்டி என் சட்டையைப் புடிச்சிக்கினா: "எனக்கு ஏதாவது ஆயிடுச்சின்னா, நீங்க இல்லாத இடத்துல நான் யார் முகத்தைங்க பாத்துக்கினு இருப்பேன்?"

செருப்பு, சட்டை, பையில போனு எல்லாத்தோடயும் இறங்கிட்டேன். வர்ற திங்கக்கிழமை ஆபரேஷன், இப்ப நான் எந்த சபைன்னு ஃபாதருக்கும் தெரியாது, பாஸ்டருக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது, அவ எங்க போறாளோ அந்தப் பக்கம்னு மட்டும் எனக்குத் தெரியும்.