டபல் கெப் பார்க்கப் போன நாள்

நாலு வருசத்துக்கு முன்னால் நடந்தது. சிறுபோக அறுவடை முடிந்த கையோடு, ஒரு சனிக்கிழமை காலை, நானும் என் கணவரும் கல்முனையிலிருந்து ஆலையடிவேம்புக்கு என்னுடைய ஸ்கூட்டியில் போனோம். அங்கே முன்னால் இரண்டு வரிசை ஆட்களும் பின்னால் திறந்த பெட்டியில் சாமானும் ஏற்றுகிற டபல் கெப் வண்டி ஒன்று விற்பனைக்கு இருப்பதாக முகப்புத்தகத்தில் படத்தோடு போட்டிருந்தார்கள். அவர் ஓட்ட, நான் பின்னால். வழியெல்லாம் சண்டை. காரைதீவில் தொடங்கியது அக்கரைப்பற்று வரைக்கும் ஓயவில்லை. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சண்டை பிடிப்பது லேசான வேலை இல்லை, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் சமாளித்துக்கொண்டேன்.

சண்டை என்னவென்றால், எங்களுக்கு வாகனம் எதற்கு என்பதுதான்.

எனக்கு வயலுக்கு. சவளக்கடைப் பக்கத்தில் நாலு ஏக்கர், சீதனமாக வந்தது. அவர் கட்டாரில் இருந்த ஒன்பது வருசமும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே அந்த வேளாண்மையையும் நான்தான் பார்த்தேன். விதைநெல் ஏற்ற, பசளை உர மூட்டை இறக்க, எல்லாவற்றுக்கும் பெட்டி பூட்டிய கை டிராக்டரான லேண்ட்மாஸ்டரைக் கூலிக்குப் பிடிக்க வேண்டும். அந்த லேண்ட்மாஸ்டர்காரருக்கு மனம் வந்தால்தான் எனக்கு விதைப்பு. இந்தத் தொல்லை முதலில் தீர வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

அவருக்கு அது பிள்ளைகளுக்காக. கட்டாரில் அவர் ஓர் அரபி வீட்டில் டிரைவர். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் குடும்பத்தைப் பெரிய ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பாலைவனத்துக்குப் போவார். பாய், இறைச்சி, விளையாட்டுச் சாமான் என்று வண்டி நிறைய இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள் மணலில் சறுக்கி விளையாட, இவர் வண்டியின் நிழலில் நின்று எங்கள் மகளுக்கும் மகனுக்கும் வீடியோ கோல் எடுப்பார். தன் பிள்ளைகளையும் அப்படி ஒரு வண்டியில் ஏற்றி அறுகம்பைக் கடற்கரைக்கும் லாகுகலைக் காட்டுக்கும் கூட்டிப்போக வேண்டும், மணலில் இறங்கினாலும் புதையாத வண்டியாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வயலுக்கும் அது உதவும்தானே என்று எனக்காக ஒரு வாலையும் சேர்த்துக்கொண்டார்.

இதில் நான் வெளியில் சொல்லாத கணக்கு ஒன்றும் இருந்தது. அவர் வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்தில் பிள்ளைகள் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருக்க, "இனிப் போறல்லதானே?" என்று கேட்டேன். தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலை நம்பி ஆசிரியர் அறையிலிருந்து மரணம் நடந்த மையத்து வீடு வரைக்கும் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். சொந்தமாக ஒரு வாகனம் இருந்து வயலும் ஒழுங்காக நடந்தால், அவருக்கு மறுபடியும் வெளிநாட்டு நினைப்பு வராது என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. உண்மையில் நான் வாகனம் தேடவில்லை, அவரை வீட்டோடு கட்டிப்போட ஒரு கயிறு தேடினேன்.

விற்பவர் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். கணவர் இறந்து இரண்டு வருசமாம். முற்றத்தில் தகரக் கொட்டிலுக்குக் கீழே வண்டி பளபளவென்று நின்றது. பார்த்த உடனே என் கணவரின் முகம் மலர்ந்துவிட்டது. பொனட்டைத் திறந்தார், கீழே குனிந்தார், டயரைத் தட்டினார். எனக்கும் உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது. பின்பக்கம் பதினைந்து மூட்டையாவது போகும் போல் தெரிந்தது. சண்டையில் தோற்றாலும் பரவாயில்லை என்று நான் நினைக்கத் தொடங்கியபோதுதான் அந்த அக்கா தேத்தண்ணியோடு வந்தார்.

"ஆரு ஓட்டப்போறது?" என்று கேட்டார்.

"நான்தான் அக்கா" என்றார் என் கணவர்.

அக்கா என்னைப் பார்த்து, "தங்கச்சி, நீங்க ஒருக்கா ஏறி இரிந்து பாருங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. லைசன்ஸின்படி பார்த்தால் நான் கார், வேன் எல்லாம் ஓட்டக்கூடியவள். ஸ்கூட்டிக்கு எடுக்கும்போது வாகனம் பழக்குகிற லேர்னர்ஸ்காரர் அதையும் சேர்த்து எடுத்துத் தந்திருந்தார். பரீட்சை முடிந்த பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. சரி, பெரிய மனுசி சொல்கிறாரே என்று அபாயாவைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். நான் குட்டையான ஆள். கிளச்சுக்குக் கால் விரல் நுனிதான் எட்டியது, உன்னி மிதித்தும் அது பாதிக்கு மேல் இறங்கவில்லை. என் கணவர் சத்தமாகச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"எனக்கும் இப்பிடித்தான். அவர் இரிக்கக்குள்ள நான் இதுல ஒரு நாளும் ஏறிப் பார்க்கல்ல. அவர் போன பிறகு பழகுவம் எண்டு ஏறினன், கால் எட்டல்ல. ரெண்டு வருசமா முத்தத்துல நிக்கிது. வண்டிய வச்சிக்கொண்டே வயலுக்குக் கூலிக்கு வாகனம் பிடிக்கிறன்" என்றார். பிறகு என்னிடம் கேட்டார்: "தம்பி எந்த நாளும் இஞ்சதான் இரிப்பாரா?"

"ஓம் அக்கா, இனி வெளிநாடு போறல்ல எண்டுதான் வந்திரிக்கார்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அவரும் ஓம் என்பார் என்று திரும்பினேன். அவர் கைலேஞ்சியை எடுத்துப் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசியே இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவ்வளவுதான். வண்டியின் சீற்றில் உட்கார்ந்தபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இறங்கும்போது அந்த அக்காதான் கையைப் பிடித்தார்.

"எனக்கு இத விக்கிற அவசரம் இரிக்கு தங்கச்சி. ஆனா உங்களுக்கு விக்க மனம் வரல்ல. நீங்க ஓட்டக்கூடிய மாதிரி ஒண்டாப் பாருங்க" என்றார். வாங்க வந்தவர்களை அப்படித் திருப்பி அனுப்பிய ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

திரும்பி வரும்போது ஹெல்மெட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. ஒலுவில் சந்தியில் அவராகவே கடல் பக்கம் திருப்பினார். துறைமுகக் கல்லில் போய் உட்கார்ந்தோம். அங்கேதான் வாயைத் திறந்தார்.

"ஆறு மாச லீவுலதான் வந்தன் புள்ள. போறல்ல எண்டு நான் சொல்லல்ல. நீ கேட்டாய், தலைய ஆட்டிட்டன். ஆட்டின தலையப் பிறகு எப்பிடித் திருப்பி ஆட்டுற?"

எங்கள் ஊரில் பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடு கட்ட வேண்டும். மகளுக்குப் பதினொரு வயதாகிவிட்டது, நாலு ஏக்கர் வயல் அதற்குக் காணாது என்றார். அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததனால்தான் கோபம் இன்னும் கூடியது. வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன், அழுதேன். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் எழும்பி வேறு கல்லுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. சோறு போட்டேன், முகம் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுக் கலண்டரைப் பார்த்தேன். அவர் போக இன்னும் பத்துக் கிழமை, எழுபது நாள் இருந்தது. அதற்குள் இரண்டு நாளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வீணாக்கிவிட்டேனே என்று திடீரென்று பட்டது. அடுப்படியிலிருந்தே கத்தினேன்: "கெப் வேணாம். நான் ஓட்டுற மாதிரி ஒண்டு எடுங்க. போறதுக்குள்ள பழக்கித் தாங்க."

சம்மாந்துறையில் ஒரு சின்ன வேன் கிடைத்தது. வெள்ளை நிறம் மஞ்சளாகத் திரும்பிய பழைய வேன். ஆனால் கிளச் பஞ்சு மாதிரி. பின்சீற்றில் நாலு நட்டைக் கழற்றினால் சீற் வெளியே வந்துவிடும், பத்து மூட்டை ஏற்றலாம். திரும்பப் பூட்டினால் குடும்பம் போகலாம். பெரிய ஜீப் ஓட்டியவர் அதற்குள் முழங்காலை மடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து, இரண்டு நாள் கோபத்துக்குப் பிறகு முதன்முதலாகச் சிரித்தேன்.

பெரியநீலாவணைக் கடற்கரை வெளியில்தான் பழக்கினார். முதல் நாளே காயப்போட்டிருந்த வலைக்கு நேராக விட்டேன். வலைக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஒன்பது வருசம் ஓட்டினன், ஒரு நாளும் இப்பிடிப் பயப்படல்ல" என்று என் கணவர் அவரிடமே சொல்லிச் சிரித்தார். பின்னால் இருந்த பிள்ளைகள் ஒவ்வொரு தடவை வண்டி நின்றுபோகும்போதும் கைதட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் அதட்டுகிற டீச்சருக்கு வீட்டில் கிடைத்த மரியாதை அதுதான்.

பெரும்போக விதைப்பு வந்தது. விதைநெல்லை என் வேனிலேயே ஏற்றி, வாய்க்கால் கட்டுப் பாதையில் நானே ஓட்டிப்போனேன். அவர் பக்கத்தில் இருந்து, "இடது பக்கம் பார், இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் வயலைச் செய்து தருகிற முல்லைக்காரர் வரம்பில் நின்று, "டீச்சர், வயல மட்டும் விட்டுட்டு மத்த எங்கயும் ஓட்டுங்க" என்றார். இறக்கி முடித்து, பின்னேரமே சீற்றைப் பூட்டிக்கொண்டு அப்படியே நிந்தவூர்க் கடற்கரைக்குப் போனோம். வேனுக்குள் பசளை மணம் போகவே போகாது. பிள்ளைகளின் உடுப்பெல்லாம் பதர் ஒட்டியிருக்கும். மகன் கடலில் குளித்துவிட்டு வந்து ஈரக் காலோடு நெல்மணிகள் கிடந்த வேன் தரையில் உட்கார்ந்து கொத்து ரொட்டி சாப்பிடுவான். அவர் ஆசைப்பட்ட அறுகம்பைக்கும் ஒரு தடவை போனோம். போகும்போது அவர் ஓட்டினார், வரும்போது பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் நான். ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அவரும் பிள்ளைகளும் தூங்கிப்போயிருந்தார்கள். என்னை நம்பி மூன்று பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோசத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பத்துக் கிழமையும் பெட்டி கட்டுகிற நாள் எது என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் ஒன்றையும் நாளைக்கு என்று தள்ளி வைக்கவில்லை. மகள் வாப்பாவோடு சண்டை பிடித்தால் அன்றைக்கே சமாதானமாகிவிடுவாள். நானும் அப்படித்தான்.

அவர் போன அன்று பஸ் நிலையத்துக்கு நான்தான் ஓட்டிப்போனேன். மழை. பஸ்ஸில் ஏறும் முன் குனிந்து கண்ணாடி வழியாக, "திரும்பக்குள்ள சிக்னல் லைட்டப் போடு" என்றார். பஸ் போன பிறகு, பின்னால் அழுகிற இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கக் கையில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

பிறகு ஒரு நாள் ஆலையடிவேம்பு அக்காவுக்குக் கோல் எடுத்தேன். வண்டி விற்றுவிட்டதாம். "அண்டைக்கு நான் தேவையில்லாததக் கேட்டுட்டனா தங்கச்சி?" என்று கேட்டார். "இல்ல அக்கா, நான் ஓட்டுற வேன்லதான் அவரக் கொண்டுபோய் பஸ் ஏத்தினன்" என்றேன். அவர் விளங்கிக்கொண்டார்.

என் கணவர் இன்னும் கட்டாரில்தான் இருக்கிறார். மகளின் வீட்டுக்கு அத்திவாரம் போட்டாயிற்று. இப்போது லீவில் வந்தால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே திரும்பிப் போகும் திகதியைச் சொல்லிவிடுகிறார், மகன் அதைக் கலண்டரில் வட்டம் போடுகிறான். முதலில் அந்த வட்டத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. ஆனால் இனிப் போகமாட்டார் என்று நான் நம்பிக்கொண்டிருந்த மூன்றரை மாதத்தில் நானும் அவரும் ஒழுங்காக ஒரு நாள்கூடக் கதைத்ததாக ஞாபகம் இல்லை. போகப் போகிறார் என்று தெரிந்த அந்தப் பத்துக் கிழமைதான், என் கல்யாண வாழ்க்கையில் அவர் முழுசாக என்னோடு இருந்த காலம்.